எ-டு.

தார்த்து நகரில் வட்டாரச் சொற்களுக்கென்று ஒரு கிடங்கு.
நாலு லட்சத்துச் சொச்சம் சீட்டுகள்.
சீட்டுக்கு ஒரு சொல்.
மேலே சொல், அடியில் பொருள், ஓரத்தில் ஊர்,
பிறகு எ-டு. என்று போட்டு
ஒரு வாக்கியம்.
அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்,
பதில் உறையில் தபால்தலையும் ஒட்டி அனுப்பி.

நான் பனிக்கட்டியை எண்ணப் போனவள்.
உறைந்த கடலுக்கு எத்தனை பெயர் என்று
ஒரு கட்டுரை; கெடு வெள்ளிக்கிழமை.

பெ. முதல் குளிரில் கடல்மேல் படியும் ஆடை.
எ-டு. "விளக்கேற்றும் நேரத்துக்கெல்லாம் துறையில் ஆடை கட்டிவிட்டது."
பெ. மிதித்தால் முனகும் பனி.
எ-டு. "முனகினால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான்."
பெ. ஆளைத் தாங்கி, குதிரையைத் தாங்காத பனி.
எ-டு. "ரூபென் குதிரையோடு போனான்."

பென்சிலைக் கீழே வைத்தேன்.

தகவலாளர் எண் 212.
ஆர்மில்தெ தூலிக், முஹு தீவு, நாலாம் வகுப்பு,
மீனுக்குப் புகைபோடும் கொட்டகையில் கூலி.
எழுத்து இடப்பக்கம் சாயும்,
காற்றைத் தாங்கி நிற்கும் வேலி மாதிரி.

அகரவரிசை அவளை அறை அறையாகச் சிதறடித்திருந்தது.
நிச்சயதார்த்தம் கடைசி அலமாரியில்,
பிள்ளைப்பேறு சன்னலோரம்.
அஞ்சல் முத்திரையின் தேதி பார்த்துப் பார்த்து
எடுத்துவந்து நீள மேசையில் அடுக்கினேன்.
வெள்ளிக்கிழமை வந்து போனது.

1938, மார்ச்.
பெ. வலை உலர்த்தும் கழி.
எ-டு. "மூன்று நாள் கழியால் துழாவினார்கள்."
வி. (விலங்கு) தானே வீடு சேர்.
எ-டு. "குதிரை வந்தது. உடம்பெல்லாம் ஈரம்."
இடை. என்றாலும்.
எ-டு. "என்றாலும் மாட்டைக் கறந்தாக வேண்டும்."

திருச்சபையின் இறப்புப் பதிவேட்டையும் வரவழைத்துப் பார்த்தேன்.
ரூபென் தூலிக், வயது முப்பத்தொன்று. காரணம்: கடல்.
எ-டு. இல்லை.

அச்சான அகராதியின் மூன்றாம் தொகுதியில்
அந்தப் பனி இருக்கிறது. வாக்கியமும் இருக்கிறது:
"ஒருவன் குதிரையோடு போனான்."
சீட்டில் சிவப்புப் பென்சில் கோடு, பக்கத்தில்
பதிப்பாசிரியரின் கை: ஆட்பெயர் தவிர்க்க.
அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
இடம் போதாமல் நானும் தவிர்த்திருக்கிறேன்,
நூற்றுக்கணக்கில்.

தொகுதி அவள் கைக்கும் போயிருக்கிறது.
கடிதக் கோப்பில், 1961:
"ஐயா, பெயரை எடுத்தால் வாக்கியம் தப்பாகிவிடும்.
அன்றைக்கு ஒருவன் போகவில்லை. ரூபென் போனான்."
பதில் போன தடயம் இல்லை.
ஆனால் சொற்கள் வருவது நிற்கவில்லை,
அந்தக் கோபத்திலும் மாதம் பத்து.

வி. உருளைக்கிழங்கைத் தோலோடு தின்.
எ-டு. "நான் இப்படிச் சொன்னதே இல்லை. மாமியார் சொல்வாள். தின்னவும் தின்பாள்."
உரக்கச் சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

கடைசிச் சீட்டு 1974.
பெ. பனிமேல் பாதை தெரிய நட்டுவைக்கும் ஜூனிப்பர் கிளை.
எ-டு. "மார்ச் முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். ஒன்றை விட்டுவைத்தேன்."

ஐந்து மணிக்குக் காவலர் ஹார்மோ
ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தார்.
சீட்டுகளை அகரவரிசைக்கே திருப்பினேன்.
விதி அது; கலைத்து வைத்தால்
இன்னொரு ஊரின் சொல் தொலைந்துபோகும்.
ரூபென் மறுபடி பனிக்குள்.
குதிரை இரண்டு அலமாரி தள்ளி,
யாரோ ஒருத்தியின் சேணத்துக்கும்
வேறொருவரின் செங்கல்லுக்கும் நடுவில்.

கட்டுரையை நேற்று அனுப்பினேன், ஒன்பது நாள் தாமதம்.
பனிக்குப் பதினேழு சொற்கள்.
அடிக்குறிப்பு நான்கில், பொடி எழுத்தில்,
வாக்கியம் பெயரோடு இருக்கிறது.
இதுவரை யாரும் கோடு போடவில்லை.